குளவி குருவா?

புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவி தன்னைப்போல் ஆக்கிவிடும் என்பது நம்மிடையே வெகுகாலமாக வழங்கும் நம்பிக்கை. குரு சீடனை உருமாற்றுவதற்கு இன்றும் இதுதான் உவமை. வீட்டுச் சுவரில் குளவி கூடு கட்டினால் அங்கே குழந்தை பிறக்கும் என்பார்கள். அதனாலேயே பல வீடுகளில் அந்தக் கூட்டைக் கலைப்பதில்லை.

கூட்டுக்குள் நடப்பதோ வேறு. ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து சிறு பானைபோல் கூடு வனையும் மண்குளவி, முதலில் உள்ளே ஒரு முட்டையிடுகிறது. பிறகு பச்சைப் புழுக்களைத் தேடிப்பிடித்துக் கொட்டுகிறது. நஞ்சு அவற்றைக் கொல்வதில்லை, முடக்கிப்போடுகிறது. செத்தால் அழுகிவிடும், உயிரோடு கிடந்தால்தான் உணவு கெடாது. அவற்றை உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுக் குளவி போய்விடும். முட்டையோ கூட்டின் மேற்புறத்திலிருந்து மெல்லிய இழையில் தொங்குகிறது. அரைகுறையாக முடங்கிய புழு நெளிந்தாலும் அது நசுங்காது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாபர் பொறுமையாக உற்றுப்பார்த்துப் பதிவுசெய்த செய்தி இது. முட்டையிலிருந்து வருவது அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, குளவியாகி, மண்ணைத் துளைத்து வெளியேறுகிறது.

உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இடையில் நடந்ததைப் பாராதவர்கள் அதை அருளாக்கிவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. புழுவின் உடலுக்குள்ளிருந்தே தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் எனத் தம்மால் நம்ப முடியவில்லை என்று 1860-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் சொன்னார்.

அப்படியானால் சிற்றுயிர்களிடம் அறம் கற்கலாமா? எறும்பிடம் சுறுசுறுப்பைக் கற்கச் சொல்பவர்கள், அயல் கூடுகளைச் சூறையாடி, அங்கிருந்து தூக்கிவந்த கூட்டுப்புழுக்களை வளரவிட்டு வேலை வாங்கும் எறும்பினங்களைப் பற்றிப் பேசுவதில்லை. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம் என்றால், அளவுகோல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. பூச்சியை வெறும் சாட்சிக்குத்தான் அழைக்கிறோம்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கூட்டைக் காத்தது குழந்தை பிறக்கும் என்ற அந்தப் பொய்தானே? உண்மை தெரிந்தபின் எது காக்கும்? பொய் தந்த காவல் நம் ஆசையை நம்பியிருந்தது. குழந்தை வேண்டாத வீட்டில், நம்பிக்கை தேய்ந்த வீட்டில், துடைப்பம் வந்துவிடும். செடியைத் தின்னும் புழுக்களைப் பிடிப்பதால் குளவி நன்மை செய்கிறது என்ற வாதம் உண்மையானது. ஆனால் அதுவும் நமக்கு என்ன லாபம் என்றுதான் கேட்கிறது.

குளவிக்கு வேறு வழி இல்லை. அதைப் புகழவும் பழிக்கவும் இடமில்லை. உடைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூடியவர் மனிதர் மட்டுமே. பொறுப்பும் அவருடையதே. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கூட்டமாகக் கொட்டும் குளவிகள் கூடு வைத்தால் அகற்றுவது நியாயம். தனித்து வாழும் மண்குளவி தானாக வந்து கொட்டுவது அரிது. அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லாமலே அதை வாழவிடலாம். சுவரில் ஒட்டிய அந்தச் சிறிதளவு மண்ணால் தமக்கு என்ன கேடு என்று சொல்ல முடியாதவருக்கு அதை இடிக்கும் உரிமை இல்லை.