நட்சத்திரம் பெறாத பிள்ளைகள்



அமெரிக்காவில் பதினாறு, பதினேழு வயதுப் பள்ளி மாணவருக்கு நட்சத்திரம் வழங்கும் வழக்கம் ஒன்று உண்டு. அங்கே 'ஃபுட்போல்' என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மறிப்பவனை மோதித் தள்ளி ஆடுவது. நம் நாட்டு றகருக்கு உறவானது. பல்கலைக்கழகங்கள் படிப்புச் செலவையும் ஏற்றுத் தத்தம் அணிக்கு இளைஞரைத் தேடிப் பிடிக்கின்றன. எவன் தேறுவான் என்று கணிப்பதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. உயரம், எடை, வேகம் எல்லாம் பார்த்து, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு நட்சத்திரம் என்று தரம் பிரிக்கிறார்கள்.

இது வெறும் பொய்க் கணக்கு என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. 2011இல் நாட்டிலேயே முதலிடம் பெற்ற ஜடேவியன் கிளவுனி, 2014இல் தொழில்முறைக் கழகங்களின் தெரிவிலும் முதலாவதாகவே எடுக்கப்பட்டார். ஐந்து நட்சத்திரத்தார் ஆண்டுக்கு முப்பது பேரளவில்தான். அவர்களில் தேறுவோர் விகிதம் மற்றவர்களுடையதைவிட மிக அதிகம். ஆனால் மூன்று நட்சத்திரத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் தேறிய சிலரும், அதற்கும் கீழே வைக்கப்பட்டோருமாகச் சேர்ந்தே தொழில்முறை அணிகளின் பெரும் பகுதியை நிரப்புகிறார்கள். பட்டியல் கூட்டத்தைப் பற்றிச் சரியாகவே பேசுகிறது. தனி ஒருவனைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறது.

கலிபோர்னியாவின் ஃபயர்பா என்னும் சிற்றூரில் கமக்காரர் மகனாகப் பிறந்தவர் ஜோஷ் அலன். அவருக்கு ஒரு நட்சத்திரமும் இல்லை. பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அழைக்கவில்லை. பள்ளி முடிந்த பின்னரே உடல் வளர்ந்து திரண்டது. சிறிய கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டே பயிற்றுநர் பலருக்கு மடல் எழுதினார். வயோமிங் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. 2018இல் ஏழாவதாகத் தெரிவானார். 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

இரண்டு நட்சத்திரம் பெற்ற ஜே. ஜே. வொற், கிடைத்த உதவிப்பணத்தையும் விட்டு ஊர் திரும்பி, வீடு வீடாகப் பீற்சா கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னர் விஸ்கொன்சின் அணியில் உதவிப்பணமின்றியே சேர்ந்தார். 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் நாட்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் அவர்தான்.

இருவரும் உழைத்தார்கள், உண்மை. ஆனால் பட்டியலில் இல்லாதவனுக்கும் கதவைத் திறந்துவிட எவரோ ஒருவர் இருந்தாரே, அதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வேதாகமத்தில் சவுலை நினைத்துப் பாருங்கள். மக்கள் எல்லாரிலும் தோளுக்கு மேல் உயர்ந்தவர். அக்காலத்து ஐந்து நட்சத்திரம் என்றே சொல்லலாம். கீழ்ப்படியாமையால் அவர் வீழ்ந்த கதை நீங்கள் அறிந்ததே. அதைக் கண்ணாரக் கண்ட சாமுவேலே, பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்குப் போனபோது, மூத்த மகன் எலியாபின் உயரத்தைக் கண்டு மறுபடியும் மயங்கினார்! இறைவாக்கினருக்கே இப்படி என்றால் நம்மைப் பற்றி என்ன சொல்வது? (தாவீதும் அழகனே என்று வேதாகமம் சொல்கிறது, தோற்றம் ஒரு குற்றமன்று.)

இங்கே என்னை மிகவும் உறுத்துவது சாமுவேலின் மயக்கமன்று, தகப்பனின் செயல். ஏழு பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்திய ஈசாய், எட்டாமவனை அழைக்கவே இல்லை. அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். கணிப்பு நிறுவனம் தவறவிட்டால் வேறொரு பயிற்றுநர் கண்டுகொள்ளக்கூடும். பெற்ற தகப்பனே வரிசையில் நிறுத்தாத பிள்ளை எங்கே போவான்?

பெற்றோரே, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாளில், பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியை அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு நீங்கள் உரக்கப் பேசும்போது, அந்தப் பிள்ளை அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறான். பதினேழு வயதுக் கணிப்பே இப்படித் தடுமாறுகிறது. இவனுக்கு வயது பத்து.

சாமுவேல் செய்ததைப் பாருங்கள். இவ்வளவு பேர்தானா என்று அவர் ஈசாயிடம் கேட்டார். இன்னும் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும், ஆள் அனுப்பி அவனை அழைத்து வரும்வரை பந்தியில் அமர மறுத்துவிட்டார்.