உரிப்பதும் உடைப்பதும்

பொங்கலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். பல்லடம் தாண்டிக் காங்கேயம் நோக்கிப் போகும் சாலையின் இரு பக்கமும் அதுதான் விளைகிறது. விலை படுத்துவிட்டால், பிடுங்கிய வெங்காயத்தைத் தோட்டத்திலேயே பட்டறை போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பூண்டு அப்படியில்லை, வெளியூர்ச் சரக்கு. நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையம் ஏலத்துக்கு வந்து இறங்குகிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டுக்குத் தேனிப் பக்கத்து வடுகபட்டிச் சந்தை. மீதிப் பூண்டில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கமிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் லாரி ஏறி வருவது. 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, எண்ணி எண்ணிப் போடும் பொருளாகவே ஆகிவிட்டது.

எத்தனை பல் போடுகிறோம் என்பதைவிட, பல்லை எப்போது உடைக்கிறோம் என்பதில்தான் ருசி இருக்கிறது. கொங்குச் சமையலிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அரிசிம்பருப்புச் சோற்றில் பூண்டை முழுப் பல்லாகப் போடுகிறோம். வெந்த பிறகு அது கிழங்கு மாதிரி இனிக்கும், குழந்தைகள்கூட ஒதுக்காது. கொள்ளு ரசத்துக்குத் தோலோடு தட்டிப் போடுகிறோம். வாசம் வாசல் வரைக்கும் வரும். மிளகாயோடு பச்சையாக அரைத்த பூண்டுச் சட்னியோ நாக்கைக் கடிக்கும். மூன்றிலும் அதே பூண்டுதான்.

காரணம் பூண்டின் உள்ளமைப்பு. உரிக்காத பூண்டுக்குக் கிட்டத்தட்ட வாசமே இல்லை. அதற்குள் அல்லீன் என்ற கந்தகப் பொருள் ஒரு வகைச் செல்லில் இருக்கிறது. அதை மாற்றக்கூடிய அல்லினேஸ் என்ற நொதி வேறு செல்லில் அடைபட்டிருக்கிறது. தீக்குச்சியும் பெட்டியும் தனித்தனியாகக் கிடப்பது போலத்தான். கத்தியோ குழவியோ பட்டுச் சுவர்கள் உடைந்தால் இரண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. நன்றாக நசுக்கினால் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மூக்கில் ஏறும் காரம் அதுதான். 1944இல் கவல்லிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து சுவிட்சர்லாந்தில் ஸ்டோலும் ஸீபெக்கும் அதன் மூலப்பொருளான அல்லீனைக் கண்டார்கள். இந்தக் காரம், பூச்சி கடிக்கும்போது திருப்பிக் கடிப்பதற்குச் செடி வைத்திருக்கும் ஆயுதம். நாம் அதில் சட்னி அரைக்கிறோம்.

நொதிக்குச் சூடு ஆகாது. முழுப் பல்லைக் கொதிக்கும் உலையில் போட்டால், உடைவதற்கு முன்பே நொதி செத்துவிடுகிறது. அரிசிம்பருப்பின் இனிப்பு அங்கிருந்து வருவது. ரசத்துக்குத் தட்டும்போது கல்லிலேயே கொஞ்சம் அல்லிசின் பிறந்து, பிறகு கொதியில் வேறு கந்தகச் சேர்மங்களாக மாறி மணக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் உரிக்கும் முறையையும் பதார்த்தம் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். முழுப் பல்லாகப் போடுவதென்றால் காயம் படாமல் உரிக்க வேண்டும்: பற்களைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, வேர்ப்பக்கத்தைக் கிள்ளிவிட்டால் தோல் கழன்று வரும். ஊறுகாய்க்குக் கிலோக்கணக்கில் என்றால் பழைய வழிதான் சரி. பிரித்த பற்களில் எண்ணெய் தடவி வெயிலில் காயவைத்து, துணியில் வைத்துத் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். வறுவலுக்கும் சட்னிக்கும் இவ்வளவு மென்மை தேவையில்லை. டம்ளர் அடியால் ஒரு தட்டுத் தட்டினால் தோலும் விடும், பல்லும் விரியும், காரமும் தொடங்கும். எட்டரை மணி ஷிப்டுக்குக் கம்பெனி வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும் வீடுகளில் இந்த மூன்றாவது வழிதான் நடக்கிறது, நடக்கட்டும். விடுதி மெஸ்களுக்கு நாள் முழுக்க உரிப்பவர்களின் பாடுதான் வேறு. கத்தி பிடிக்காத கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் வறண்டு வெடிக்கும். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மம் தரும் ஒவ்வாமை அது. எந்தெந்த விரல் என்று பார்த்தே தோல் மருத்துவர்கள் காரணத்தை ஊகித்துவிடுவார்கள்.

நறுக்குவதில் கணக்கு எளிது: பொடியாகப் பொடியாகக் காரம் கூடும், கருகுவதும் சீக்கிரம். பூண்டில் நீர் குறைவு, சர்க்கரைச் சத்து அதிகம். அதனால் காய்ந்த எண்ணெயில் பொடிப் பூண்டை முதலில் போட்டால் கசப்புதான் மிஞ்சும். வெங்காயம் வதங்கித் தண்ணீர் விட்ட பிறகு போடுங்கள்.

நசுக்கியதைப் பத்து நிமிடம் வைத்திருந்து சமைக்கச் சொல்வதற்கும் ஓர் ஆய்வு அடிப்படை இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்தார்கள். நசுக்கிய உடனே சூடாக்கிய பூண்டு, புற்றுநோய்க்கு எதிரான காப்புத்திறனை இழந்தது. பத்து நிமிடம் விட்டுச் சூடாக்கியதில் ஒரு பகுதி தங்கியது. எலிகளில் கண்டது இது, பூண்டை மருந்தாக்கிவிட வேண்டாம். ஆனால் ருசிக்காக இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்வதில் நஷ்டமில்லை. முதலில் பூண்டைத் தட்டி வைத்துவிட்டு அரிசி களைந்தால் நேரம் ஓடிவிடும். புளிப்பும் நொதியை அடக்கும். ஆகவே சட்னிக்குப் பூண்டையும் மிளகாயையும் முதலில் அரைத்து, புளியைக் கடைசியில் சேர்ப்பது காரம் விரும்புகிறவர்களின் வழி. காரம் வேண்டாதவர்கள் புளியோடு சேர்த்தே அரைக்கலாம்.

வெங்காயமும் பூண்டும் சேர்த்து அரைத்த விழுது சில நேரம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் கூடித் தரும் நிறம் அது, சாப்பிடலாம். ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்தார் இந்தப் பச்சையைத் துரத்திக்கொண்டு போய், வெங்காயத்தில் கண்ணீர் வரவழைக்கும் வாயுவை உண்டாக்குகிற தனி நொதி இருப்பதைக் கண்டுபிடித்து 2002இல் வெளியிட்டார்கள். பூண்டு உரித்தால் யாரும் அழுவதில்லை என்பதை, வெங்காயம் உரித்துப் பழகிய பொங்கலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக உரித்து வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உரித்த பற்களை ஈரம் துடைத்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்ட பூண்டு நறுக்கலைக் குளிரில் வைக்காததால் 36 பேர் போட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு ஆளானார்கள். மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டிவரும் கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் பெருகி, மணத்திலும் நிறத்திலும் தெரியாமல் நஞ்சு கக்கும். பூண்டு ஊறுகாய்க்கு இந்தப் பயம் குறைவு, அதில் புளியும் உப்பும் காவல் இருக்கின்றன. வெறும் எண்ணெயில்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.