உழைப்பவரின் உயிர் ஓர் அமானிதம்

ஜும்ஆ உரை, கண்டமங்கலம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் இறையச்சத்தைக் கொண்டு உபதேசம் செய்து கொள்கிறேன்.

வேலை செய்யும் இடத்தில் ஒரு மனிதனின் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் இன்றைய தலைப்பு. இது லேபர் ஆபீஸில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, மிம்பரில் ஏன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை அல்லாஹ் சூரா மாயிதாவின் 32ஆம் வசனத்தில் நமக்குச் சொல்லியிருக்கிறான். அந்த வசனத்தை ஓதும் இடத்தில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

2024 ஜூன் 12. துல்ஹஜ் மாதத்தின் முதல் பத்து நாட்கள். குவைத்தில் மங்காஃப் என்ற பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. ஒரே கட்டடத்தில் 190க்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்த நேரம். அறைகளைப் பிரிக்க வைத்திருந்த தடுப்புகள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை என்று அந்நாட்டுத் தீயணைப்பு அதிகாரிகள் சொன்னார்கள். படிக்கட்டு முழுக்கப் புகை. மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. நெருப்பு சுட்டு இறந்தவர்களை விட மூச்சுத் திணறி இறந்தவர்களே அதிகம்.

ஜூன் 14, இதே போன்ற ஒரு வெள்ளிக்கிழமை, 45 இந்தியர்களின் ஜனாஸாக்களையும் உடல்களையும் சுமந்து கொண்டு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அதில் 7 பேர் தமிழர்கள். நம் விழுப்புரம் மாவட்டத்துக்காரரும் அதில் இருந்தார். மூன்று நாள் கழித்து நமக்குப் பெருநாள். அந்த வீடுகளில் அன்றைக்குப் புத்தாடை உடுத்தியிருப்பார்களா?

இப்படி ஒரு மவுத் செய்தி வந்தால் நாம் உடனே சொல்வது, ‘அல்லாஹ்வின் கத்ர், விதி முடிந்துவிட்டது’ என்பதுதான். உண்மை, அஜலை யாராலும் தள்ளிப்போட முடியாது. ஆனால் அந்த மாடிக் கதவைப் பூட்டியது ஒரு மனிதக் கை. கத்ர் என்ற சொல் இழந்தவருக்கு ஆறுதல். பூட்டியவருக்கு அது ஒளிந்து கொள்ளும் இடம் ஆகாது. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் படையோடு பாதி வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

நெருப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தனியாகவே எச்சரித்திருக்கிறார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே எரிந்து போனது. செய்தி நபியவர்களிடம் வந்தது. நெருப்பு உங்களுக்குப் பகைவன், தூங்கப் போகும்போது அதை அணைத்து விடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். அபூ மூஸா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸும் புகாரியில் இருக்கிறது. விதி என்று சொல்லி நபியவர்கள் அந்தச் சம்பவத்தை அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு விபத்து நடந்தது, உடனே ஒரு சட்டம் வந்தது.

சரி, சகோதரர்களே, மங்காஃபில் இறந்தவர்களுக்கு எந்த நாட்டுச் சட்டம்? தொழிலாளி ஒரு நாட்டுக்காரர். முதலாளி இன்னொரு நாட்டுக்காரர். வேலை நடப்பது மூன்றாவது நாடாகக்கூட இருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினால் அந்த விதவை யாரிடம் போய்க் கேட்பாள்? இதற்கு ஒரு நாடு தனியாகப் போடும் சட்டம் போதாது. நாடுகள் கூடிப் பேசி உடன்படிக்கை செய்தாக வேண்டும்.

மக்காவில் நடந்ததும் இதுதான். யமனின் ஸுபைத் குலத்தைச் சேர்ந்த ஒருவர் சரக்கோடு மக்காவுக்கு வந்தார். ஆஸ் பின் வாயில் என்ற பெரும்புள்ளி சரக்கை வாங்கிக் கொண்டு பணம் தர மறுத்தான். வெளியூர்க்காரர், குலமும் இல்லை, ஆளும் இல்லை. அபூ குபைஸ் மலை மீது ஏறி நின்று நியாயம் கேட்டார். அதன் பிறகு சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ, அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் சேர்ந்து நிற்பது என்று உடன்படிக்கை செய்தார்கள். சரக்கின் விலையையும் வாங்கிக் கொடுத்தார்கள். இதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன்னால், சுமார் இருபது வயதில், நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்து கொண்டார்கள். செய்தவர்கள் முஸ்லிம்கள் அல்ல. ஆனாலும், இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஒன்றுக்கு என்னை அழைத்தால் போவேன் என்ற கருத்தைப் பிற்காலத்தில் சொன்னார்கள். இதைக் கவனியுங்கள். நன்மைக்கான ஒப்பந்தத்தை யார் தொடங்கினார் என்று நபியவர்கள் பார்க்கவில்லை.

நம் காலத்தில் அப்படி நாடுகள் கூடும் இடம் 1919இல் தொடங்கிய சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஐ.எல்.ஓ. தொடக்கம் முதலே இந்தியா அதில் உறுப்பினர். அங்கே அரசுகளோடு முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். பாதுகாப்பான, உடல்நலத்துக்குக் கேடில்லாத பணியிடம் என்பதை 2022 ஜூனில் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் அந்த அமைப்பு சேர்த்தது. அது சம்பந்தமான உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போடாத நாடாக இருந்தாலும், உறுப்பினர் என்ற முறையில் இந்த உரிமையை மதிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

காகிதத்தில் எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். கத்தாரைப் பாருங்கள். அந்நாட்டின் மீது 2014இல் ஐ.எல்.ஓ.வில் புகார் வந்தது. 2017 நவம்பரில் அந்தப் புகார் முடித்து வைக்கப்பட்டு, ஐ.எல்.ஓ.வும் கத்தாரும் சேர்ந்து வேலை செய்வதாக ஒப்பந்தம் ஆனது. 2018இல் தோஹாவில் அலுவலகம் திறந்தார்கள். கொளுத்தும் வெயில் தொழிலாளியின் உடம்பை என்ன செய்கிறது என்று ஆய்வு செய்தார்கள். 2021இல் சட்டம் வந்தது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். வெப்பப் பாதிப்போடு கத்தார் செம்பிறைச் சங்கத்தின் மருத்துவ நிலையங்களுக்கு வந்த தொழிலாளர்கள் 2020 கோடையில் 1,520 பேர். 2021இல் 620. 2022இல் 351. குறைகள் அங்கே இன்னும் இருக்கின்றன, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை பேர் மயங்கி விழாமல் வீடு திரும்பினார்களே, அது சாதாரணமா?

வெயில் கடுமையானால் லுஹர் தொழுகையையே சற்றுத் தணிந்த பிறகு தொழச் சொன்ன மார்க்கம் இது. தொழுகைக்கே அந்தச் சலுகை என்றால், கான்கிரீட் போடுவதற்கு இல்லையா?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இந்தப் பகுதியிலிருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். ஏஜெண்ட் ‘முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார். தகப்பனாரும் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி விடுகிறார். இது பெரிய ஆபத்து. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறி இருக்கும். அப்படிப்பட்டவர் வேலை விசாவில், இ-மைக்ரேட் பதிவின் வழியாக, அந்த அனுமதி வாங்கிப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம். விசிட் விசாவில் போனவருக்கு இது கிடையாது. தொழிலாளி என்று பதிவே இல்லாதவருக்காக நாளைக்குத் தூதரகம் எந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன ஹதீஸ் நம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்தப் பதிவுதான் அந்தக் கயிறு.

வளைகுடா முதலாளியை மட்டும் பேசிவிட்டு எழுந்து போகக் கூடாது. நம்மிலும் கடை வைத்திருப்பவர்கள், மேஸ்திரிகள், வெல்டிங் பட்டறை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். திருபுவனை, சேதராப்பட்டுப் பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்களும் உண்டு. உங்கள் சாரத்தில் ஏறுகிறவருக்கு இடுப்பில் பெல்ட் இருக்கிறதா? கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது, தெரியுமா? கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் கையின் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூடவே நின்று உதவுங்கள் என்ற கருத்தில் அபூ தர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நம்மிடம் வேலை செய்பவர் பீகாரிலிருந்து வந்தவராக இருக்கலாம். நமக்கு அவர் யார்? அன்றைக்கு மக்காவுக்கு வந்த ஸுபைத் குலத்தவர்தான்.

வெளிநாடு போக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன்னால் விசாவையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக் கொண்டு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் படிக்கத் தெரிந்த இளைஞர்களோடு உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம்.

யா அல்லாஹ்! மங்காஃபிலும் மற்ற இடங்களிலும் உழைக்கப் போய் உயிரிழந்த எங்கள் சகோதரர்களின் பாவங்களை மன்னிப்பாயாக! அவர்களின் மனைவி மக்களுக்கு நீயே பொறுப்பாளனாக இருப்பாயாக! இப்போது தூர தேசத்து வெயிலில் நின்று கொண்டிருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக! ஆமீன்.