பழுதுபடாத பொருளை மாற்றலாமா?

பழுதுபடாத பொருளை மாற்றுவது வீண்செலவு என்பது நம் பெரியோர் வழிவழியாகக் கைக்கொண்டு வந்த நெறி. மிகுபொருள் விரும்பாமையை ஒரு விரதமாகவே போற்றுபவர் நாம். இந்நெறியில் வளர்ந்த சிறு வணிகர் ஒருவரிடம், "உங்கள் கடைக் கணிப்பொறி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆயினும் அதனை மாற்ற வேண்டும்" என்று ஒருவர் கூறினால் அவர் ஐயுறுவது இயல்பே. சொல்பவர் தம் ஆதாயம் கருதிச் சொல்கிறாரோ என்னும் எண்ணம் எழும். அவ்வெண்ணத்தை முற்றிலும் தவறென்று தள்ளிவிடவும் இயலாது. அப்படியானால் இங்கு அறம் எது? மாற்றுவதா, மாற்றாதிருப்பதா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு சிறு மருந்துக்கடையை எண்ணிப் பார்ப்போம். முன்னால் பில் போட இரண்டு கணிப்பொறிகள். பின்னறையில் அவ்விரண்டிற்கும் பொதுவான சர்வர் ஒன்று. சரக்கு இருப்பும், கடன் கணக்கும், எவர் எந்த மருந்து வாங்குகிறார் என்னும் குறிப்பும் அந்தச் சர்வரில் உள்ளன. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வரிக்கணக்கும் அங்கேயே சேர்ந்துவிட்டது. கடைக்காரர் அதனை ஓர் இரும்புப் பெட்டியாகக் காண்கிறார். பெட்டி தேயவில்லை, ஆகவே மாற்றவேண்டிய காரணமும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கு முதுமை எய்துவது பெட்டியன்று. அதனுள் இருந்து அதனை இயக்கும் இயங்குதளம். அதில் காலந்தோறும் ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. செய்த நிறுவனம் அவற்றை அடைக்கும் திருத்தங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு குறித்த நாளுக்குப் பின் அனுப்புவதை நிறுத்திவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்நாள் 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் சர்வர் 2012க்கு 2023 அக்டோபர் 10. விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12 எனக் குறிக்கப்பட்டுள்ளது. அந்த நாளுக்கு மறுநாளும் கணிப்பொறி முன்போலவே ஓடும். நம்மை ஏமாற்றுவது அதுவே.

2017 மே 12 அன்று வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டி, மீட்புப்பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்டிருந்த சந்திப்புகளுள் சுமார் 19,000 தடைபட்டன என மதிப்பிடப்பட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. ஐம்பத்தொன்பது நாள்கள் கையில் இருந்தும் அதனைப் பொருத்தாதிருந்தவர் பலர். எவரும் நோயாளிகளுக்குத் தீங்கு செய்ய நினைக்கவில்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தார்கள், அவ்வளவே. கவனமின்மையைத் தீங்கின் வாயில் என நம் முன்னோர் ஏன் கருதினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கிழிந்த குடையை ஒருவர் பிடித்துச் சென்றால் நனைபவர் அவர் மட்டுமே. அது அவருடைய சிக்கனம். நாம் குறை கூற இடமில்லை. அச்சு தேய்ந்த வண்டியைக் கடைத்தெருவில் ஓட்டினாலோ ஊறு பிறர்க்கும் வரும். மருந்துக்கடையின் சர்வர் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதிலுள்ள நோயும் கடனும் பிறருடையவை; நம்பிக் கொடுக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள். ஆகவே அதனை மாற்றாதிருப்பதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள இயலாது.

கடைக்காரருக்கு இக்கடமை உண்டெனில், அவருக்கு வழி சொல்லும் கணிப்பொறி வல்லுநருக்கு இன்னும் பெரிய கடமை உண்டு. அறியாதவரின் அச்சத்தை விலையாக்குதல் களவுக்கு அண்மையில் நிற்கும் செயல். 'எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள்' என்று கூறுமுன் அவர் ஒரு பட்டியல் எழுதவேண்டும். எந்தக் கணிப்பொறி இருந்தபடியே புதிய இயங்குதளத்தை ஏற்கும்? எதற்கு நினைவகம் மட்டும் கூட்டினால் போதும்? எதனை இணையத்தொடர்பு இன்றித் தனியே பயன்படுத்தலாம்? எதனை மாற்றியே தீரவேண்டும்? விற்கும் பொருளில் தமக்குத் தரகு கிடைக்குமாயின் அதனையும் மறைக்காது சொல்லவேண்டும்.

விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் ஓரளவு அண்மைக்காலச் செயலியையும் கேட்கிறது. அதனால் நன்கு உழைக்கும் எத்தனையோ கணிப்பொறிகள் ஒதுக்கப்படுகின்றன. இது வீணடிப்பே என்று வருந்துவோர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் வேறு வழிகளும் உள்ளன. கட்டணம் செலுத்திச் சில காலம் திருத்தங்களைத் தொடர்ந்து பெறலாம். லினக்ஸ் வகை இயங்குதளங்களுக்கு மாறலாம். எக்ஸ்பியின் காலம் முடிந்தபோது, 2014இல், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. கடையின் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முன்கூட்டியே சோதித்தறிதல் மட்டும் இன்றியமையாதது.

இவை அனைத்திற்கும் வேண்டுவது காலம். பேச்சிப்பாறை அணை ஜூன் மாதத்தில் கன்னிப்பூ சாகுபடிக்குத் திறக்கப்பட்டு, கும்பப்பூவின் முடிவில், பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுவது வழக்கம். கால்வாயில் தூர்வாரும் வேலை நீர் அடைத்த நாள்களுக்கு உரியது. நாஞ்சில் நாட்டு உழவர் அறிந்த இம்முறையே கடைக்கும் பொருந்தும். கணக்காண்டு முடியும் மார்ச் இறுதியிலும், ஓணம், தீபாவளி வியாபார நாள்களிலும், மாதக் கணக்குத் தாக்கலுக்குரிய 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டியும் சர்வரில் கை வைக்கலாகாது. இரண்டாண்டுகளுக்கு முன்பே நாளைக் குறித்துவிட்டால், முதலாண்டில் சர்வரையும் மறுவாண்டில் மற்றவற்றையுமாகச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். மாற்றுமுன் எல்லாக் கணக்குக்கும் படி எடுக்கவேண்டும். எடுத்த படியை வேறொரு கணிப்பொறியில் ஏற்றித் திறந்து பார்த்த பின்னரே அதனை நம்பவேண்டும். புதியது செவ்வனே நடக்கிறது என்று உறுதியாகும் வரை பழையதை அழிக்காது வைத்திருத்தல் நன்று.

கழித்த பொருளைப் பற்றியும் ஒரு சொல். வட்டிலுள்ள தரவுகளை முற்றாக அழித்தபின், இன்னும் உழைக்கும் கணிப்பொறியை லினக்ஸ் இட்டுப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். உழைக்காததைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாகாது. செம்பை எடுப்பதற்காகக் கம்பிகளை எரிக்கும் இடங்களில் எழும் நச்சுப்புகை மனிதரையும் பிற உயிர்களையும் வருத்தும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அதனைச் சேர்ப்பித்தலே முறை.

ஆகவே வணிக அன்பர்கள் இம்மாதமே ஒரு தாள் எடுத்து, கடையிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியின் பெயரையும், அதன் இயங்குதளத்தையும், அதற்குரிய இறுதி நாளையும் எழுதிக் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டிவைக்க வேண்டுகிறேன். நாளை அறிந்தவர் தேவைக்கு மேல் வாங்கார். தேவையானதைத் தள்ளியும் போடார். மிகுபொருள் விரும்பாமையும் பிறர்க்குத் தீங்கு நினையாமையும் அந்த ஒரு தாளில் ஒன்றாகக் காக்கப்படும்.