முப்பது குதிரைகள்

ஒரகடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பிறக்கும் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு சிறிய லேத் பட்டறை. வாசலில் படகு மோட்டார் ஒன்று கிடந்ததைக் கண்டு காரை நிறுத்தினேன்.

கழிமுகத்தில் உல்லாசப் படகு விடுபவருடையதாம். புரொப்பெல்லரை எடுத்துவிட்டு ஜெட் பொருத்தியவர், இப்போது பழையபடியே மாற்றித் தரச் சொல்கிறார். ஜெட்டில், அடியிலுள்ள பல்சக்கரப் பெட்டி போய்விடும். தண்டு நேராக உறைக்குள்ளிருக்கும் சுழலியைச் சுற்றும், அது தண்ணீரை உறிஞ்சிப் பின்புறம் பீச்சும், படகு ஓடும். நியூஸிலாந்தின் ஆழமில்லாத ஆறுகளுக்காக 1950களில் ஹாமில்டன் என்பவர் ஜெட் படகை உருவாக்கினார். வெளியே சுழலும் அலகு இல்லாததால், நீந்தும் குழந்தையின் காலை அது அறுக்காது.

"அப்புறம் ஏன் மாற்றுகிறார்?"

"நூறு குதிரை எழுபதா ஆயிடுதே, சார்! பெட்ரோலுக்கு யார் கொடுக்கிறது? போதாததுக்குப் பிளாஸ்டிக் பை வேறே வாயை அடைச்சுக்குது."

பையை எறிந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபந்தான் வந்தது. முப்பது குதிரைக்காகப் பிறர் குழந்தையைப் பணயம் வைப்பதா? ஆனால் விபத்து என்றோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். செலவோ அன்றாடம் வருகிறது. வராத விபத்துக்குத் தினமும் கப்பம் கட்ட எத்தனை பேர் முன்வருவார்கள்? கரையில் நிற்பவனுக்குத் தீர்ப்புச் சொல்வது சுலபம்.

"உங்க வண்டி எத்தனை குதிரை, சார்?" என்றார் பட்டறைக்காரர், சாதாரணமாக.

வரும் வழியில் ஷிப்டு முடிந்து சாலையைக் கடக்க வந்த பெண்ணொருத்தி, என் காரைக் கண்டு துள்ளிப் பின்வாங்கினாள். நான் பிரேக்கைத் தொடவே இல்லை.

"நூற்றுச் சொச்சம்" என்றேன்.