வாங்கப் போனதும் வாங்கி வந்ததும்

ஒரு கிடார் வாங்கப் போய் வேறொரு கிடாரை வாங்கி வந்தேன். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடைக்குப் போகிற எல்லோருக்கும் நடப்பதுதான். பச்சைப் புடவை எடுக்கப் போனவள் ஊதாப் புடவையோடு வருவாள். ஆனால் சேரியிலிருந்து கடைக்குப் போகிற எங்களுக்கு, நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றோடு திரும்புவது அப்படிச் சாதாரணமாகக் கடந்துபோகிற விஷயமில்லை. நாங்களாக விட்டோமா, விட வைத்தார்களா என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது. மூன்று மாசமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிற வழக்கு இது. தீர்ப்பு சொல்ல முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிடார் என் அண்ணன் மகளுக்கு. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் தெரு மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற பிள்ளைகளுக்கென்று ஒரு பழைய கிடார் கிடக்கிறது. அதில்தான் பழகினாள். ஒரு கம்பி அறுந்தால் மாசக்கணக்கில் மிச்சம் அஞ்சு கம்பியோடு ஓடும். ரெண்டு வருசத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கிடார் வாசிக்கிறேன் என்று பெயர் கொடுக்கப் போனாள். ஊர்த்தெருப் பையன் ஒருவன் புத்தம்புது யமஹா கொண்டு வந்திருந்தான். கொஞ்சம் குடு, வாசிச்சுக் காட்டுறேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவன் பதில் சொல்லும் முன்னால் அங்கே நின்ற வாத்தியார் சொன்னாராம்: "உங்க ஆளுங்களுக்கு மோளம்தானம்மா கையில வரும். அதுக்குப் பேர் குடு." சிரித்துக்கொண்டே சொன்னார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. சோறு தின்னும்போது சும்மா ஒரு சேதியாகச் சொன்னாள். நான்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அந்த வாத்தியாருக்குத் தோல் என்றால் கீழே, கம்பி என்றால் மேலே. பறையில் இருப்பது மாட்டுத்தோல். சபாவில் வாசிக்கிற மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. அதைச் செய்து கொடுக்கிற கைகளில் பல நம்முடைய கைகள் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். கிடாரும் ஒன்றும் சைவமில்லை. 1940களில் நைலான் வருகிற வரைக்கும் ஸ்பானியக் கிடாரின் மெல்லிய கம்பிகள் ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்தவைதான். ஒரு விலங்கின் உடம்பு இங்கே தீட்டாகவும் அங்கே கலையாகவும் ஆவதற்கு அந்த விலங்கு காரணமில்லை. அதை யார் கை தொடுகிறது என்பதைப் பார்த்துத்தான் இவர்கள் பேர் வைக்கிறார்கள்.

"பறை இருக்கும்போது கிடார் எதுக்குத் தோழர்?" என்று நம் தோழர்களிலும் சிலர் கேட்டார்கள். பறையை இழிவின் சின்னமென்று தூக்கி எறியச் சொன்னவர்களும், அதுவே நம் கலை என்று கையில் எடுக்கச் சொன்னவர்களும் நம்மிடையே தொண்ணூறுகளில் எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 2018இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது பறையும் கிடாரும் ஒன்றாகவே ஒலித்தன. ஆகவே அந்தக் கேள்வி என்னை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரியே முடிவு பண்ணினேன். அதே கம்பெனி, அதே கிடார். யமஹா எஃப் 310. மாலைப் பள்ளியில் தருகிற மதிப்பூதியத்திலிருந்தும், கூட்டத்துக்குப் பேசப் போனால் கவரில் வைத்துத் தருவதிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிப் பன்னிரண்டாயிரம் சேர்க்க ரெண்டு வருசம் ஆனது. இந்த ரெண்டு வருசத்தில் உனக்கு எது வேணும் என்று அவளிடம் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

விழுப்புரத்தில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைப்பையன் எங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தான். நாங்கள் வாய் திறக்கும் முன்பே, "மூவாயிரத்துல இருந்து இருக்குக்கா" என்று சிவப்புச் சாயம் பூசிய ஒன்றை எடுத்து நீட்டினான். இந்தப் பார்வை எனக்குப் பழகினது. எம்.ஏ. படிக்கும்போது துணிக்கடையில் என்னைப் பார்த்ததுமே தள்ளுபடிக் குவியலைக் கை காட்டுவார்கள். நானும் பேசாமல் அங்கே போய்ப் பொறுக்குவேன். அந்த வருசங்களையெல்லாம் சேர்த்து வைத்து, "எஃப் 310 எடுங்க" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

எடுத்துக் கொடுத்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். பெரிய உடம்பு. கையை அதன் மேலே போட்டால் தோள் தூக்கிக்கொள்கிறது. மீட்டினாள். கடை முழுக்கச் சத்தம் நிறைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியாரே, கேட்டுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய இன்னொன்றைக் கேட்டு வாங்கினாள். சின்னது. நைலான் கம்பி. கொல்கத்தாவில் செய்தது என்றான் பையன். அதை மீட்டிக்கொண்டே வாய்க்குள் என்னமோ பாடினாள். கிட்டப் போய்க் கேட்டேன். எங்கம்மா, அவளுடைய ஆயா, பாடுகிற தாலாட்டு.

"அத்தை, எனக்கு இது."

"எவ்ளோ தம்பி?"

ஆறாயிரத்து இருநூறு.

"ஏண்டி, காசு பாக்குறியா? காசு இருக்கு."

"காசுக்கு இல்லத்தை. அது சத்தம் பெருசு. பாடுனா என் குரல் உள்ள போயிடுது. இதுல ஆயா பாட்டு பாடலாம்."

"நமக்குச் சின்னது போதும்னு யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. பெருசு வேணும்னு நீங்கதான் சொல்றீங்க."

பையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது. எதற்குக் கோபம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

'போதும்' என்கிற சொல்லை நாங்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன் நகை, வெள்ளி நகை கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே துணி கூடாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மறு வருசம் ஜூனில் இது பதினொரு தடையாக வளர்ந்தது. கல்யாணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். இதையெல்லாம் ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிந்து வைத்திருக்கிறார். சாவுக்கு நாம் பறை அடிக்க வேண்டும், நம் கல்யாணத்துக்கு மேளம் கூடாது. எந்த வாத்தியம் எந்தக் கைக்கு என்பதை அந்த ஆண்டு விழா வாத்தியார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

மண்சட்டியில் என்ன குறை? மீன் குழம்பு அதில் வைத்தால்தான் ருசி. இன்றைக்குப் பெரிய ஓட்டல்களிலேயே மண்சட்டியில் பரிமாறுகிறார்கள். குறை சட்டியில் இல்லை, வேறு சட்டி கூடாது என்றதில் இருந்தது.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்காலளவுத் துணிக்கு மாறினார். உலகமே வணங்கியது. ஒன்பது வருசம் கழித்து, பக்கத்து ஜில்லாவில், ஏறக்குறைய அதே உடுப்பு எங்கள் ஆட்களுக்குக் கட்டளையாக வந்தது. ரெண்டு பேர் உடம்பிலும் துணி ஒரே அளவுதான். ஒருவர் கழற்றினார். மற்றவரைக் கழற்ற வைத்தார்கள். சட்டை போட உரிமை உள்ளவன்தான் சட்டையைத் துறக்க முடியும். அம்பேத்கர் கடைசி வரைக்கும் கோட்டும் சூட்டும் விடாமல் போட்டதன் நியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இது எனக்கு மேடையில் பேசிப் பேசிப் பழகின வாதம். கடையில் நின்றுகொண்டு அதே வாதத்தை அவளுக்குப் பொருத்திப் பார்த்தேன். என் பையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது. எஃப் 310 அவள் மடியில் இருந்தது. வாங்கலாம். வேண்டாம் என்கிறாள். அப்படியானால் இது துறக்கிறவளின் வேண்டாம். கட்டளைக்குப் பணிகிறவளின் வேண்டாம் இல்லை. என் கணக்குப்படியே அவள் செய்தது சரி. பிறகு ஏன் கோபம்?

அந்தப் பெரிய உடம்புக் கிடார் வடிவத்துக்கு 'டிரெட்நாட்' என்று பேர். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1916இல் அந்த வடிவத்தைச் செய்தபோது, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பேரை வைத்தார்கள். எதற்கும் அஞ்சாதது என்று அர்த்தம். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கப்பல்தான். அதை அந்தப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்படியென்றால் எந்தக் கிடார் வாங்குவது என்று ரெண்டு வருசத்துக்கு முன்னால் தேர்ந்தெடுத்தது யார்? நானுமில்லை, அவளுமில்லை. அந்த வாத்தியார். அவர் இழிவாகச் சொன்ன ஒரு வார்த்தை என் சேமிப்பையும் என் ஆசையையும் நடத்திக்கொண்டு வந்திருக்கிறது. மோளம்தான் உனக்கு என்று அவர் சொன்னால் மோளம், இல்லையென்று காட்டுவதற்காக யமஹா. ரெண்டிலும் அவர்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வதே தப்பு என்று முடிக்க நான் தயாரில்லை. ராமநாதபுரத்தில் தடையை மீறிச் சட்டை போட்டவனும் பதில்தான் சொன்னான். இந்தச் சட்டை என் சொந்த ஆசையா, அவன் கூடாது என்றதால் வந்த ஆசையா என்று அவன் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால், நாம் இன்னும் குடை பிடித்திருக்க மாட்டோம். பதில் சொல்ல வேண்டிய வேலை முடிந்துவிடவும் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேண்டியவள் நான். அந்த வாத்தியாரிடம் போய் நேராகக் கேட்டிருக்க வேண்டியவளும் நான். கேட்கவில்லை. பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்துவிடுவாரோ என்று பயந்தேன். கேட்காத கேள்வியை ஒரு கிடாராக்கி அவள் தோளில் மாட்டிவிடப் பார்த்தேன்.

அம்பேத்கர் தன் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். கோட்டு ஊருக்குச் சொன்ன பதில். வயலின் யாருக்கும் பதிலாக இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனுசனுக்கு ரெண்டும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, விடுதலை என்று சொல்லிவிடுகிறோமோ?

இவ்வளவும் யோசித்த பிறகும் ஒரு சந்தேகம் போகவில்லை. பயமும் சில சமயம் காதுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் பேசும். தள்ளுபடிக் குவியலில் பொறுக்கின நாட்களில், இந்த நிறம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதை நம்பியும் இருக்கிறேன். அதனால் பெரியதை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.

"ரெண்டும் ஒரே விலைன்னா எதை எடுப்ப?"

"இதைத்தான்." சின்னதைத் தொட்டாள்.

"இது அதைவிட ஜாஸ்தி விலைன்னா?"

சிரித்துவிட்டாள். "அப்பவும் இதைத்தான். ஆனா அப்ப நீங்க இவ்ளோ கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க."

வாங்கினோம். உறையும் ஒரு செட்டுக் கம்பியும் வாங்கினது போக மிச்சத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். அதில் பாதியை மாதா கோயில் கிடாருக்குக் கம்பி போடக் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது.

ராத்திரி தெருவில் இறங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன வெலைம்மா?" என்றாள். "பன்னெண்டாயிரம்கா" என்றேன். வாயில் தானாக வந்தது. அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். எங்கம்மா ரெண்டு அடி பாடினாள். நிறுத்திவிட்டு, "இது என் தொண்டைய அமுக்கலடி" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து பாடினாள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சரியான விலையை நான் இன்னும் சொல்லவில்லை.