சலவை இயந்திரமும் சிராவக ஒழுக்கமும்

துணி துவைப்பதைப் பற்றியும் அறநூல் பேசுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். பேசுகிறது. ஒருமுறை நுகர்ந்த அளவில் கழிவது போகம் என்றும், மீண்டும் மீண்டும் நுகர்தற்குரியது உபபோகம் என்றும் பகுத்த சமந்தபத்திர ஆசாரியார், தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரண்டிற்கும் சான்றாகக் காட்டுவன உணவும் உடையுமே ஆகும். அந்நூலின் வழி வந்த அருங்கலச்செப்பை நம் முன்னோர் இளமையிலேயே மனனம் செய்தனர். எனவே, உடையை எத்தனை வைத்திருப்பது, எவ்வாறு தூய்மை செய்வது என்பன இல்லறத்தானின் விரதத்திற்குள் அடங்கும் வினாக்களே.

கரந்தையிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும், தீபங்குடி போன்ற சிற்றூர்களிலும் ஜினாலயங்களைச் சூழ்ந்து வாழும் நம் குடும்பங்களில் முன்புறம் திறக்கும் சலவை இயந்திரம் இப்போது இடம்பெறத் தொடங்கியுள்ளது. வேலைக்குச் செல்லும் மருமகள் வாங்க வேண்டும் என்கிறாள். நீரைத் துணியால் வடிகட்டியே புழங்கிப் பழகிய மாமியார், "அதற்குள் என்ன நடக்கிறதென்று யார் கண்டது?" என்று தயங்குகிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஏழாண்டுகளாக நம் இல்லத்தில் இவ்வியந்திரம் இயங்கி வருவதால், இதைப் பற்றிச் சில சொல்ல நமக்கு உரிமை உண்டு என எண்ணுகிறோம்.

முதலில் நீர். மேற்புறம் திறக்கும் இயந்திரத்தில் துணி முழுதும் நீரில் மிதக்க வேண்டும். முன்புறம் திறப்பதிலோ உருளை படுக்கைவாட்டில் சுழல்கிறது. அடியில் சிறிதளவே நீர் நிற்கிறது. துணி மேலெழும்பி அந்நீரில் விழுந்து விழுந்து வெளுக்கிறது. அதனால் முன்னது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் சுமைக்குப் பின்னதற்கு ஏறத்தாழ 50 லிட்டர் போதும். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை எண்ணுவோர்க்கு இது சிறிய வேறுபாடன்று. விலை கூடுதல்தான்; நேரமும் ஒன்றரை மணிக்கு மேல் ஆகிறது; இடையில் ஒரு துணியை நினைத்தபடி உள்ளே இடவும் இயலாது. இவற்றை நாம் பெரிதாகக் கருதவில்லை.

ஆற்றில் துவைத்த காலமே அகிம்சைக்கு உகந்தது என்பாரும் உளர். அவர்கள் படித்துறையை நினைவில் கொண்டு பேசுகிறார்கள். மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. எஞ்சிய மாதங்களில் வாய்க்கால்களில் மணலே மிஞ்சும். 2022இல் மே 24இலேயே நீர் வந்தது. 2024இலோ ஜூலை 28 வரை காத்திருந்தோம். நீர் வந்த நாளிலும், மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் நிறைந்த ஓடுநீரில் உவர்மண்ணும் சவர்க்காரமும் கரைத்துக் கல்லில் அடிப்பது எவ்வகையில் உயிரோம்பல் ஆகும்? மேலும் ஒன்று. அந்நாளில் இவ்வூர்களின் வசதியுள்ள வீடுகள் தம் அழுக்கைத் தாமே துவைக்கவில்லை. வெள்ளாவி வைத்து வெளுத்துக் கொடுத்தவர்க்குக் களத்தில் சில மரக்கால் நெல் அளந்தார்கள். அவர் வெளுத்த வேட்டியை உடுத்துக்கொண்டு அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். ஓரறிவுயிர்க்கு இரங்கிப் பேசும்போது ஆறறிவு மனிதனுக்கு இழைத்ததை விட்டுவிட்டால் கணக்கு நேராகாது. அந்த ஊழியம் மறைந்தது நம் மனச்சான்றினால் என்றும் சொல்லிக்கொள்ள இயலாது. அவர்களின் பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள், இயந்திரம் வந்தது.

மாமியாரின் தயக்கத்திற்கு வருவோம். நீரை வடிகட்டுவது அந்நீரில் இயங்கும் நுண்ணிய உயிர்களைக் காத்தற் பொருட்டு. வடிகட்டிய துணியில் தங்கியவற்றை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பதும் அவ்வொழுக்கத்தின் பகுதி. இயந்திரத்தின் நீர்வாயில் ஒரு சல்லடை உண்டு. அது மணலைத் தடுக்க வைத்தது. உயிரைக் காக்க அன்று. அதில் சிக்கியது மடிந்தே போகும். ஆதலின் வடிகட்டலை இயந்திரத்திற்கு வெளியே, மேல்நிலைத் தொட்டியில் நீர் விழும் வாயிலேயே செய்தாக வேண்டும். இரட்டையாக மடித்த பருத்தித் துணியை அங்கே கட்டி, நாள்தோறும் அதை அலசி அந்நீரைக் கிணற்றில் சேர்க்கலாம். கிணறு தூர்ந்து ஆழ்துளைக் குழாய் மட்டுமே உள்ள வீட்டில் இது முழுமையாகக் கைகூடாது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அத்தகைய வீடுகளே இன்று மிகுதி.

எனினும் நம் பட்டறிவில் இவ்வியந்திரத்தின் மெய்யான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. கதவைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் வளையம் உண்டு. நீர் கசியாமல் காப்பது அதுவே. சலவை முடிந்த பின்னும் அம்மடிப்பில் சிறிது நீரும் நூல்துகளும் தங்கும். கதவைச் சாத்திவிட்டால் நம் நாட்டு வெப்பத்தில் இரண்டொரு நாளில் கரும்பூசணம் படர்கிறது. ஈரமும் அழுக்கும் கூடுமிடத்தில் எண்ணிலா நிகோத சீவன்கள் தோன்றும் என்பது ஆகமம் அறிந்தார்க்குப் புதிதன்று. பூசணம் படர்ந்த பின், கொதிநீர்ச் சுழற்சி வைத்தும் மருந்து ஊற்றியும் தூய்மை செய்யுமாறு கையேடு கூறுகிறது. அதாவது, நம் சோம்பலால் உயிர்களைத் தோற்றுவித்துப் பின் நாமே அவற்றைக் கொல்கிறோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைத்ததன் பொருள் இந்த ரப்பர் வளையத்தில் தெளிவாக விளங்குகிறது. சலவை முடிந்தவுடன் உலர்ந்த துணியால் வளையத்தை உட்புறமும் விரித்துத் துடைத்தால் பூசணமே தோன்றாது. அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

துடைத்தபின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இங்கே மற்றோர் இடர். திறந்த உருளைக்குள் பல்லி புகும், கரப்பான் புகும், கொல்லைப்புறத்தில் வைத்திருந்தால் பூனைக்குட்டியும் புகுந்து உறங்கும். உலர்த்தாவிடில் ஒருவகை உயிர்க்கேடு. திறந்து வைத்தால் மற்றொரு வகை. வாயை மெல்லிய வலைத்துணியால் மூடிக் கட்டுவது இரண்டையும் தவிர்க்கிறது. அதன் பின்னும், துணி இடுமுன் கைவிளக்கு அடித்து உருளையைப் பார்ப்பதும், சட்டைப்பையையும் மடிப்பையும் உதறி எறும்பு உளதா என நோக்குவதும் விடலாகாது. விசையை அழுத்திய பின் கதவு பூட்டிக்கொள்ளும். இடையில் கண்டாலும் உடனே திறக்க வழியில்லை.

வெந்நீர் பற்றியும் கேட்கிறார்கள். இவ்வியந்திரத்தில் நீரைச் சூடாக்கும் கம்பி உள்ளேயே இருக்கிறது. செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி அதற்கே போகிறது. குழந்தைத் துணி, நோயாளியின் விரிப்பு ஆகியவற்றிற்கு அது பயன்படும். அன்றாட உடைக்கு வேண்டுவதில்லை. உப்பு மிகுந்த ஆழ்துளை நீரில் அக்கம்பி மேல் சுண்ணம் படிந்து விரைவில் கெடவும் செய்யும். நம் வெயில் இருக்க, உலர்த்தவும் தனியே ஒரு கருவி தேவையில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மட்டும் இதன் பிழியும் வேகம் பெரிதும் உதவுகிறது.

சலவைத்தூள் குறைவாக நுரைக்கும் வகையாக இருத்தல் வேண்டும். அதிலும் பெரும்பாலோர் அளவுக்கு மேல் கொட்டுகிறார்கள். நுரை மிகுந்தால் இயந்திரம் மீண்டும் மீண்டும் அலச நேரும், அல்லது தூள் துணியிலேயே தங்கும். வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெல்டாவில் ஒருவர் விடும் நீர் அடுத்தவர் வாய்க்காலில்தான் சேர்கிறது. கடைமடை உழவர்க்கு வந்து சேர்வது மேலேயுள்ளோர் அனைவரும் கழித்த நீரே.

திருபுவனம் பட்டை இதில் இடலாமா என ஓர் அம்மையார் வினவினார். மென்சுழற்சியில் இடலாம் என்று இயந்திரம் சொல்லும். கூட்டுப்புழுவை வெந்நீரில் இட்டு எடுத்த அந்நூலைப் பற்றி நாம் என்ன சொல்வது? அவ்வினாவை நெசவுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இனி, இவ்வியந்திரம் தரும் பெருந்தீங்கு, அதன் எளிமையே. கையால் துவைத்த நாளில் ஒரு சட்டையை இருமுறை உடுத்தினோம். இப்போது ஒரு மணி நேரம் உடுத்தியதும் கூடைக்குப் போகிறது. நாள்தோறும் இயக்கினால் மாதம் 1,500 லிட்டர். வாரம் மூன்று முறை, உருளை நிறையும் வரை காத்திருந்து இயக்கினால் 650 லிட்டரை ஒட்டி நிற்கும். காரணமின்றி நீரைக் கொட்டுவதைப் பிரமாதசரியை எனச் சுட்டி, அநர்த்த தண்டத்துள் வைத்தனர் ஆசாரியர். ஆகவே வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய விரதம் வாரத்திற்கு எத்தனை முறை என்பதே. நம் இல்லத்தில் மூன்று. விருந்தினர் வந்தால் நான்கு. அதற்கு மேல் வேண்டுமாயின் கையால்.

கையால் துவைப்பது மறந்துவிடக் கூடியதும் அன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இயந்திரங்கள் ஓய்ந்து நின்றன. அவ்வாரங்களில் வாளி நிறைய ஈரத்துணியைச் சுமந்தவர் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பெண்களே. முழங்கை வலியும் சேற்றுப்புண்ணும் அவர்களுக்கே வந்தன. இயந்திரம் வேண்டா என்று கூறும் ஆடவர், வாரம் மூன்று நாள் தாமே துவைத்து அலசிப் பிழிந்து உலர்த்திய பின் அதைக் கூறினால் நாம் செவிசாய்ப்போம்.

எஞ்சியது அபிடேகத்தின்போது உடுத்தும் வேட்டி. அதை இயந்திரத்தில் இடுவதில்லை என்றே வைத்திருக்கிறோம். வடிகட்டிய நீர் இரண்டு வாளி, ஒரு கொடிக்கயிறு. அதை உடுத்துபவரே துவைத்துக்கொள்கிறார்.